ஏணிக்கு வைக்காத பொட்டு

நாலு லட்சத்துச் சொச்சம் கரண்ட் பில் வந்திருக்கிறது என்று செல்போனில் படித்ததும் நான் செய்த முதல் காரியம், வீட்டில் இருந்த சுவிட்சை எல்லாம் அணைத்தது. இரண்டாவது காரியம், என் வீட்டுக்காரரைத் திட்டியது. அவர் என்ன தப்புச் செய்தார் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, திட்டி வைத்தால் பின்னால் எதற்காவது ஆகும்.

"ஏனுங், சித்தெ இங்க வாங்க. இதைப் படிங்க."

அவர் பெயர் வெங்கடாசலம். திருச்செங்கோட்டில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் பெயிண்டர். லாரி நெற்றியில் சாமி பேரு எழுதுவது, பக்கவாட்டில் தாமரை போடுவது, பின்னால் 'ஒலி எழுப்பு' என்று எழுதுவது எல்லாம் அவர் கைதான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"நாலாயிரமா புள்ள?"

"லட்சமுங்க! நாலு லட்சம்!"

இன்னும் கொஞ்சநேரம் பார்த்தார். "எண்ணெல்லாம் நல்லா வடிவா இருக்குது," என்றார்.

இந்த மனுசனை வைத்துக்கொண்டு நான் இருபத்தெட்டு வருசமாகக் குடும்பம் நடத்துகிறேன். எனக்குக் கோயில் கட்ட வேண்டாம், ஒரு செங்கல்லாவது நட்டு வைக்கலாம்.

எங்கள் ஊர் கருங்காட்டுப்புதூர். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ஏசி கிடையாது, ஃபிரிட்ஜ் கிடையாது. மீந்த குழம்பைச் சுண்டவைத்து மறுநாள் சோற்றுக்கு ஊற்றிக்கொள்பவள் நான். இரண்டு மாசத்துக்கு நூறு யூனிட்டைத் தாண்டாவிட்டால் கரண்டுக்குக் காசே கட்ட வேண்டியதில்லை அல்லவா? நான் தாண்டியதே இல்லை. பக்கத்து வீட்டு வெண்ணிலா புது வளையலைக் காட்டினால், பூஜ்யம் என்று வந்த பில்லை எடுத்து அவளுக்குக் காட்டுவேன். எனக்கு அதுதான் நகை. அந்த நகையில் போய் இடி விழுந்தால் வயிறு எரியுமா எரியாதா?

வெண்ணிலாவும் வந்து போனை வாங்கிப் பார்த்தாள். "அக்கா, உங்கூட்டுப் பின்னால பொடக்காளியில மில்லு ஏதாச்சும் ஓட்டறீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். வெறும் வாயை மென்றவளுக்கு அவல் கிடைத்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

சிரிப்பெல்லாம் இருக்கட்டும். கெடுவுக்குள் கட்டாவிட்டால் கரண்டைப் பிடுங்கிவிடுவார்கள். இருட்டு எனக்கு ஒன்றுமில்லை, நான் பூனை மாதிரி நடப்பேன். அவரால் முடியாது. இரண்டு வருசத்துக்கு முன்னால் பட்டறையில் ஏணியிலிருந்து விழுந்து தொடை எலும்பு உடைந்து, உள்ளே கம்பி வைத்திருக்கிறது. ராத்திரியில் எழுந்தால் சுவரைப் பிடித்து, வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கால் வைப்பார். இன்னொரு தடவை விழுந்தால் எழுந்து நடப்பது கஷ்டம் என்று டாக்டர் என்னிடம் மட்டும் தனியாகச் சொல்லியிருந்தார். அதனால் எனக்கு அந்தப் பில்லை விடப் பெரிய பயம் அந்த இருட்டு.

மறுநாள் காலையில் கரண்ட் ஆபீசுக்குக் கிளம்பினோம். வெறும் கையோடு போனால் எவன் மதிப்பான்? அதனால் எங்கள் வீட்டில் கரண்ட் தின்கிற சாமானை எல்லாம் சாட்சிக்கு எடுத்துக்கொண்டேன். மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, டேபிள் ஃபேன். டிவியைத் தூக்க முடியவில்லை, அதன் சார்பில் ரிமோட். கிரைண்டரையும் தூக்க முடியவில்லை, அதன் சார்பில் குழவிக்கல். எல்லாவற்றையும் டிவிஎஸ் வண்டியில் முன்னால் பாதி, என் மடியில் பாதி ஏற்றினோம்.

"இதெல்லாம் எதுக்கு மயிலு?" என்றார் அவர், வண்டியை உதைத்துக்கொண்டே.

"நீங்க ஓட்டறத மட்டும் ஓட்டுங்க."

ஆபீசில் இன்ஜினியராக இருந்த ஏ.ஈ. மேடம் ஒரு சின்னப் பெண். பிரின்சி என்று பலகையில் போட்டிருந்தது. சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள், கழுத்தில் மெல்லிசாக ஒரு சிலுவைச் சங்கிலி. "வாங்கம்மா, உக்காருங்க, என்ன விஷயம்?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எனக்குக் கோபம் குறைந்துவிடும்.

"நான் சொல்லறதுக்கு ஒண்ணுமில்லீங்க. இவீக சொல்லுவாங்க," என்று மேசை மேல் மிக்ஸியை வைத்தேன். பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி. பக்கத்தில் ஃபேன். "எம்பட ஊட்டுல கரண்டு திங்கற ஆளுக இத்தனைதான். இதுல எது நாலு லட்சம் தின்னுச்சுன்னு நீங்களே விசாரிச்சுக்குங்க."

சொல்லிக்கொண்டே குழவிக்கல்லை இரண்டு கையாலும் தூக்கினேன். மேடம் நாற்காலியோடு சுவர் வரைக்கும் பின்னால் போய்விட்டாள்.

"அம்மா, கல்லைக் கீழ வைங்க முதல்ல! எதுவா இருந்தாலும் பேசிக்கலாம்!"

"ஐயோ, கல்லு இல்லீங்க மேடம், குழவி! கிரைண்டருக்குப் பதிலா வந்திருக்குதுங்க."

வாசலில் நின்ற லைன்மேன் ஓடிவந்து குழவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். சின்னண்ணன் என்று பேர், எங்கள் பக்கத்து ஊர்க்காரர், தலை நரைத்த ஆள். அதைக் கீழே வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கடைசி வரைக்கும் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டே நின்றார்.

மேடம் மூச்சு வாங்கிக்கொண்டு மேசைக்குத் திரும்பினாள். மிக்ஸியைப் பார்த்தாள், ஃபேனைப் பார்த்தாள், ரிமோட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"எல்லாத்துலயும் மஞ்சளும் சிவப்புமா ஒரே மாதிரி வட்டம் இருக்கே. எல்லாம் ஒரே கம்பெனியா?"

"கம்பெனி இல்லீங்க, பொட்டு. ஆயுத பூஜைக்கு வெச்சது."

"ஆயுத பூஜை முடிஞ்சு மாசக்கணக்காச்சே, இன்னும் அப்படியே இருக்கு?"

"எனாமலுங்க மேடம்," என்றார் என் வீட்டுக்காரர். பெயிண்ட் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் அவருக்கு வாய் திறந்துவிடும். "லாரிக்கு அடிக்கற எனாமல். மஞ்சள் ஒரு கோட்டு, காஞ்சதுக்கப்புறம் செவப்பு. பத்து வருசமானாலும் போகாது."

எனாமலில் வைக்கச் சொன்னது நான்தான். அதற்குக் காரணம் இருக்கிறது. அவர் ஏணியிலிருந்து விழுந்தார் என்றேன் அல்லவா? அந்த வருசம் ஆயுத பூஜைக்குப் பட்டறையில் கம்ப்ரஸருக்குப் பொட்டு வைத்தார்கள், வெல்டிங் மெஷினுக்கு வைத்தார்கள், சுத்தியலுக்கும் திருப்புளிக்கும்கூட வைத்தார்கள். ஏணியை மட்டும் யாரோ வெளியே சாய்த்து வைத்திருந்ததால் விட்டுப்போய்விட்டது. அடுத்த வாரமே அந்த ஏணிதான் அவரைத் தள்ளிவிட்டது. ஏணியை நாம் மறந்துவிடலாம், அது நம்மை மறக்குமா? ஆஸ்பத்திரியில் அவர் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு நான் ஒரு முடிவு செய்தேன். இனிமேல் என் வீட்டில் பொட்டில்லாமல் ஒரு துரும்பு இருக்கக்கூடாது. சந்தனம் காய்ந்தால் உதிர்ந்துவிடும், குங்குமம் தண்ணீர் பட்டால் போய்விடும். அதனால் எனாமல்.

இதை எல்லாம் மேடத்திடம் கோவையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கம்ப்யூட்டரைத் தட்டினாள்.

"அம்மா, போன தடவை உங்க மீட்டர் நாலாயிரத்துச் சொச்சத்துல இருந்திருக்கு. இந்தத் தடவை நாப்பத்தி மூவாயிரத்துச் சொச்சம். ரெண்டு மாசத்துல ஒரு வீடு இவ்ளோ ஓட்டவே முடியாது. நாளைக்கு நானே வந்து பாக்கறேன். ரீடிங் தப்பா எடுத்திருந்தா பில்லை மாத்திடலாம். ஆனா மீட்டர்லயும் இதே எண்தான் இருந்துச்சுன்னா, டெஸ்டுக்கு அனுப்பணும், நாளாகும். அதுக்குள்ள கெடு தாண்டிருச்சுன்னா சிஸ்டம் கட் பண்ணச் சொல்லிரும். என் கையில இல்லைங்கம்மா."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சிஸ்டம் என்று ஒரு பூசாரி இருக்கிறான் போலிருக்கிறது. அவனை நேரில் பார்த்தால் குழவியை அவன் தலையில் போடுவதாக இருந்தேன். ஆனால் அந்தப் பெண்ணைப் பார்த்தால் பாவமாக இருந்தது, அவளும் அவனுக்குப் பயந்துதான் பேசினாள்.

"வாங்க சாமி, வந்து பாருங்க. தப்பு எங்க மேல இருந்தா நான் மொட்டை அடிச்சுக்கறேன்," என்று சொல்லிவிட்டு வந்தேன். வாய் இருக்கிறதே, அது எப்போதும் என்னைவிட முன்னால் போய் நிற்கும்.

மறுநாள் மேடமும் சின்னண்ணனும் வந்தார்கள். வெண்ணிலா தன் வீட்டு வாசலில் வெங்காயம் உரிக்கிற சாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டாள். எங்கள் மீட்டர் முன்பக்கச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே இருக்கிறது. என் வீட்டுக்காரர் உள்ளே போய் ஏணியைக் கொண்டுவந்து சாய்த்துப் பிடித்துக்கொண்டார். ஏணியில் ஒவ்வொரு படிக்கும் ஒரு பொட்டு, உச்சியில் தோசை அளவுக்கு ஒன்று. சின்னண்ணன் அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார். அவரைப் பார்த்து மேடமும் கழற்றினாள்.

மேடம் ஏறி, மீட்டரைப் பார்த்து, கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "நாலு, மூணு, ஏழு, ஆறு, ரெண்டு. தாள்லயும் அதேதான். ரீடிங்ல தப்பு இல்லீங்கம்மா. மீட்டரே அப்படித்தான் காட்டுது."

தப்பாகப் படித்திருப்பான், திருத்திவிடுவார்கள் என்று ராத்திரி முழுக்க அந்த ஒரு நம்பிக்கையில்தான் இருந்தேன். இனி டெஸ்டு, நாளாகும், கெடு தாண்டும், இருட்டு. அவரைப் பார்த்தேன். அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு, தாங்கித் தாங்கி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தார்.

"இருங்க, கண்ணாடியில என்னமோ ஒட்டியிருக்கே," என்று மேடம் நகத்தால் சுரண்டப் போனாள்.

"ஐயோ! கை வெக்காதீங்க! அது பொட்டு!"

நான் போட்ட சத்தத்தில் வெண்ணிலா வெங்காயத்தைப் போட்டுவிட்டாள். மேடம் ஏணியை இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"மீட்டருக்குமா பொட்டு வெச்சீங்க?"

"எல்லாத்துக்கும்னு சொன்னனுங்களே."

மேடம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டத்தில் பார்த்தாள். உளுந்து அளவில் ஒரு பொட்டு. கடைசி எண்ணுக்கும் அதற்கு முந்தின எண்ணுக்கும் நடுவில், கீழே. "ஐயா, நீங்கதானே வெச்சீங்க? இதை ஏன் சரியா இந்த இடத்துல வெச்சீங்க?"

"எண்ணு மறையக்கூடாதுன்னு பாத்தனுங்க மேடம்," என்றார் என் வீட்டுக்காரர், பெருமையாக. "எண்ணுதான் அதுக்குக் கண்ணு. கண்ணை மறைக்கலாமுங்களா? எடம் தேடிப் பாத்தேன். அங்க ஏற்கெனவே ஒரு கரும்புள்ளி இருந்துச்சு. என்னமோ அழுக்குன்னு நெனச்சு, அது மேலயே சன்னப் பிரசுல வெச்சுட்டேன். எப்படி, அம்சமா இருக்குதுங்களா?"

மேடம் இன்னொரு தடவை அந்தப் பொட்டைப் பார்த்தாள். பிறகு நெற்றியை மீட்டர் பலகையில் முட்டிக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளோ என்று பார்த்தேன், சிரிப்பு.

"அது அழுக்கு இல்லீங்கய்யா. அதுதான் புள்ளி. அதுக்கு இந்தப் பக்கம் இருக்கறதுதான் யூனிட். அந்தப் பக்கம் கடைசியில இருக்கற ரெண்டுங்கற எண் கணக்கே இல்லை. நீங்க புள்ளியை மூடிட்டீங்க, நாலாயிரம் நாப்பதாயிரமாத் தெரியுது. முன்ன வந்தவருக்குப் பழக்கம், சரியா எழுதினாரு; புதுசா வந்த பையன் கண்ணுக்குத் தெரிஞ்சதை எழுதிட்டான்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. நாலு லட்ச ரூபாய், உளுந்து அளவு பெயிண்ட். வெண்ணிலா சிரித்த சிரிப்பு மல்லசமுத்திரம் வரைக்கும் கேட்டிருக்கும். "மொட்டை எப்பங்கக்கா?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"சரி, இவ்ளோதான் விஷயம்," என்றாள் மேடம். "அதைத் துடைச்சிருங்க. நான் புள்ளியோட ஒரு போட்டோ எடுத்துக்கறேன். பில்லை மாத்திடலாம்."

அவளுக்கு அது வெறும் துடைக்கிற வேலை. பெயிண்டைக் கரைக்கிற தின்னரில் துணியை நனைத்து ஒரு இழுப்பு இழுத்தால் போகும். தின்னர் டப்பா வீட்டிலேயே இருக்கிறது. என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு வந்து, துணியை நனைத்து, சின்னண்ணனிடம் நீட்டினார்.

"நானுங்களா?" என்று சின்னண்ணன் இரண்டு அடி தள்ளிப் போனார். "வெச்ச பொட்ட அழிக்கறதா? நான் தெனமும் கம்பத்துல ஏறி எறங்கறவனுங்க. வேற வேலை சொல்லுங்க."

துணி மேடத்திடம் போனது. மேடம் அதைத் தொடவே இல்லை. "நான் சர்ச்சுக்குப் போறவ. நான் அழிச்சேன்னு யாராவது ஒருத்தர் போட்டோ புடிச்சுப் போட்டா, நாளைக்கு ஊர்ல வேற மாதிரி பேசுவாங்க. எனக்கு எதுக்குங்க அந்த வம்பு? நீங்களே வெச்சது, நீங்களே அழிங்கய்யா."

"வெச்ச கையாலேயேவா?" என்று அவர் முகம் வாடிவிட்டது.

துணி என்னிடம் வந்தது. தின்னர் நாற்றம் மூக்கில் ஏறியது. எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துவிட்டது. பட்டறைச் சட்டையோடு, பெயிண்ட் கையோடு அவரைத் தூக்கி வந்து போட்டிருந்தார்கள். பட்டறை ஆள் கொடுத்த இதே மாதிரித் தின்னர் துணியால் நர்ஸ் அவர் கையைத் துடைத்தாள். நான் பக்கத்தில் நின்று, அந்த ஏணிக்கு ஒரு பொட்டு வைத்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும் என்று அழுதேன்.

"அழிக்க மாட்டேன்," என்றேன்.

"அம்மா, அழிக்கலைன்னா..."

"பீசைப் புடுங்கிக்குங்க! லைட்ட நிறுத்துங்க! ஒரு பொட்ட விட்டதுக்கே இவீகள அந்த ஏணி கொண்டுபோயிருக்கும். வெச்சத அழிச்சா என்ன ஆகுமோ, நான் அந்த வெளையாட்டுக்கு வரலை."

"லைட் இல்லாம ராத்திரி ஐயா எப்படிம்மா நடப்பாரு?"

அந்தப் பெண் நல்லவிதமாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் உடைந்துவிட்டது. பொட்டை அழித்தால் இவர் விழுவார், அழிக்காவிட்டால் இருட்டில் விழுவார். எந்தப் பக்கம் போனாலும் விழுகிறவர் இவர்தான். நான் எந்தப் பக்கம் நின்று பிடிப்பது? வெண்ணிலா பார்க்கிறாள் என்றுகூடப் பார்க்காமல் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். வெண்ணிலா எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் கண்ணில் தண்ணீர். வெங்காயமாகவும் இருக்கலாம்.

மேடம் ஏணியிலிருந்து இறங்கவில்லை. மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மீட்டரில் எண் ஒன்று மாறி ஒன்று வரும். யூனிட் வரும், தேதி வரும், மணி வரும், இன்னும் என்னென்னவோ வரும். திடீரென்று, "சின்னண்ணே, வாங்க, சீக்கிரம் பாருங்க!" என்று கத்தினாள்.

சின்னண்ணன் எக்கிப் பார்த்துவிட்டு, "அட கெரகமே!" என்றார்.

"என்னங்க? என்ன ஆச்சு?" என்றேன்.

"வோல்டேஜ் காட்டுதுங்கம்மா. ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினாலு!" மேடம் செல்போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டே சிரித்தாள். "எல்லார் வீட்டுக்கும் எரநூத்தி முப்பதுதான் வரும். அங்கயும் புள்ளி மறைஞ்சு போச்சு. இந்த மீட்டர் சொல்றது நெஜம்னா, உங்க மிக்ஸி இந்நேரம் கூரையைப் பிச்சுக்கிட்டு மேல போயிருக்கணும். போதும்மா, இதைவிட சாட்சி வேண்டாம். துடைக்காமயே பில்லை மாத்திடுவேன்."

எனக்கு அவளை ஏணியோடு தூக்கிச் சுற்ற வேண்டும் போல இருந்தது. "நீ நல்லா இருப்ப சாமி! உன்னப் பெத்தவ வயிறு குளுந்து இருக்கோணும்!" என்று ஏணிக்கடியில் நின்று அவள் கால் இருக்கிற திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"இருங்கம்மா, முடியலை," என்றாள் அவள் இறங்கிக்கொண்டே. "இந்தத் தடவை மாத்திடலாம். அடுத்த தடவை ரீடிங் எடுக்க வேற யாராவது வருவாங்க, மறுபடி நாப்பதாயிரம்னு எழுதுவாங்க. கண்ணாடி சுத்தமா இருந்தே ஆகணும்."

சுற்றிச் சுற்றிச் சுப்பன் கொல்லைக்கே வந்தோம். தின்னர் துணி என் கையில் காய்ந்துகொண்டிருந்தது. எல்லோரும் அதையே பார்த்தோம்.

சின்னண்ணன்தான் தொண்டையைச் செருமினார். "ஏனுங்க, எனக்கு ஒரு ரோசனை. கோயில்ல திருப்பணி நடந்தா சாமிய என்ன பண்றோம்? அழிக்கறமா? பாலாலயம் வெச்சு வேற எடத்துக்கு மாத்தறோம். மாத்துனதுக்கப்புறம் பழைய எடத்துல என்ன வேலை வேணாலும் செய்யலாம். அப்பிடி இந்தப் பொட்டையும் வேற எடத்துல வெச்சுட்டா, இங்க இருக்கறது வெறும் பெயிண்டுதானுங்களே?"

அவர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். எனக்கு மனசு பளிச்சென்று ஆகிவிட்டது. சரி, எங்கே மாற்றுவது?

"மெயின் பெட்டியில வெச்சிருங்க," என்றாள் மேடம்.

"அதுல இருக்குதுங்க."

"கதவுல?"

"இருக்குதுங்க."

வெண்ணிலா, "பக்கெட்டுல?" என்றாள். பக்கெட்டில் உண்டு. கட்டிலில் உண்டு, உரலில் உண்டு, துடைப்பக் கட்டையில்கூட உண்டு. உள்ளே போய்த் தேடிப் பார்த்தேன், எங்கள் வீட்டில் பொட்டில்லாத சாமான் ஒன்றே ஒன்றுகூட இல்லை. பொடக்காளி வரைக்கும் போய் வெறும் கையோடு திரும்பி வந்தேன்.

வாசலில் அவர் இன்னும் ஏணியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். மேடம் இறங்கி எவ்வளவோ நேரமாகிவிட்டது, விடச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அதனால் விடவில்லை. அப்போதுதான் பார்த்தேன். வெயிலில் வேர்த்துப் போய், நெற்றி பளபளவென்று காலியாக இருந்தது. அவருக்குத் திருநீறு பூசுகிற பழக்கமும் கிடையாது. துடைப்பக் கட்டைக்குப் பொட்டு வைத்தேன், ரிமோட்டுக்கு வைத்தேன், எல்லாம் யாருக்காக வைத்தேனோ அந்த ஆளுக்கு மட்டும் வைக்கவில்லை. மறுபடியும் ஏணியை விட்ட கதைதான்.

உள்ளே ஓடி எனாமல் டப்பாவையும் சன்னப் பிரசையும் எடுத்துவந்தேன்.

"குனிங்க."

"எதுக்கு புள்ள?"

"குனிங்கன்னா குனிங்க."

"ஏ மயிலு, எனாமலு! லாரிக்கு அடிக்கறது! எரியும்! சாமி, குங்குமம் வெச்சுக்கலாம், கேளு!"

"குங்குமம் போயிருமுங்க. நீங்களே சொன்னீங்க, பத்து வருசமானாலும் போகாதுன்னு. எனக்கு அதுதான் வேணும்."

ஏணியை விடாமல், கண்ணை இறுக மூடிக்கொண்டு குனிந்தார். மஞ்சள் ஒரு கோட்டு வைத்தேன். காயும் வரைக்கும் நாலு பேரும் சுற்றி நின்று ஊதினோம், மேடமும் ஊதினாள். பிறகு நடுவில் சிவப்பு. எனக்குப் பிரசு பிடித்துப் பழக்கமில்லை, பொட்டு கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.

"எப்படி, அம்சமா இருக்குதா?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"கண்ணை மறைக்கல," என்றேன்.

அதன்பிறகு நானே ஏணியில் ஏறி மீட்டர் கண்ணாடியைத் துடைத்தேன். ஒரே இழுப்பில் போய்விட்டது. புள்ளி குட்டியாக, கறுப்பாக, தன் இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. கீழே அவர் ஏணியைப் பிடித்திருந்தார், எனக்குப் பயமே வரவில்லை.

மேடம் சொன்ன சொல் தவறவில்லை. கெடு வருவதற்குள் போனுக்குப் புதுப் பில் வந்துவிட்டது. பூஜ்யம். நான் அதை வெண்ணிலாவிடம் மூன்று தடவை காட்டினேன். மொட்டை விஷயத்தை அவள் இன்னும் மறக்கவில்லை, பாதி மொட்டைக்குப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பட்டறையில் அவரைப் பார்த்து, புது வண்டி வந்துவிட்டது, நம்பர் போடுங்கடா என்று கேலி பண்ணினார்களாம். பத்து வருசம் என்றாரே தவிர, மனுசத் தோலில் எனாமல் பத்து நாள்கூட நிற்கவில்லை. குளிக்கக் குளிக்க ஓரம் உரிந்து, ஒருநாள் காலையில் தலையணையில் உதிர்ந்து கிடந்தது. நான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் எழுந்து, தடவிப் பார்த்து, என் முகத்தையும் பார்த்தார். பிறகு தாங்கித் தாங்கி நடந்து போய், சாமி படத்துக்கு முன்னால் இருந்த குங்குமச் சிமிழை எடுத்துவந்து என் கையில் கொடுத்துவிட்டு, தானாகவே குனிந்தார்.

"தெனமும் உதுந்தா தெனமும் வெச்சுட்டுப் போற. இதுக்கெதுக்குப் பத்து வருசம்?" என்றார்.